ஒரே இடத்தில் மட்டும் பரவிய புற்றுநோய்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. டாக்டர் சொன்னதைப் புரியும்படி திரும்பச் சொல்வேன், அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்டுவேன். "ஒரு இடத்துல மட்டும் பரவியிருக்கு" என்று கேள்விப்பட்டு வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது உங்களைப் பரிசோதித்த டாக்டர்கள்தான். அவர்களிடம் போய் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது, அதற்குத்தான் இது.

"ஃபைல்ல நாலாம் ஸ்டேஜ்னு எழுதியிருக்கு. ஆனா டாக்டர், 'ஒரு இடத்துலதான் இருக்கு, முழுசா எடுக்க முடியுமான்னு பாக்கலாம்'ங்கிறார். எதை நம்புறது?"

இரண்டுமே உண்மைதான். புற்றுநோய், தொடங்கிய உறுப்பையும் பக்கத்து நெறிக்கட்டிகளையும் தாண்டித் தூரத்து உறுப்பில் தென்பட்டால், பெரும்பாலான புற்றுநோய்களில் அது நான்காம் நிலை. கல்லீரலில் ஒரே ஒரு சின்னக் கட்டி இருப்பவருக்கும், கல்லீரல், நுரையீரல், எலும்பு மூன்றிலும் நிறையக் கட்டிகள் இருப்பவருக்கும் ஃபைலில் அதே எண்தான் விழும். இருவரின் நிலைமையும் ஒன்றல்ல.

முன்பெல்லாம் நான்காம் நிலை என்றால் மருந்தால் நோயை அடக்கி வைப்பது, வலியைக் குறைப்பது என்ற அளவில்தான் பேச்சு இருக்கும். இப்போது சிலருக்கு, எல்லாக் கட்டிகளையும் அகற்றியோ அழித்தோ பல ஆண்டுகள் நோயில்லாமல் வாழ வைக்க முடிகிறது. சிலருக்குத்தான். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை போய்விடும்.

"அம்மாவுக்குக் குடல்ல கேன்சர். இப்ப கல்லீரல்லயும் இருக்காம். ரெண்டு கேன்சரா?"

இல்லை, ஒன்றுதான். குடலிலிருந்து கிளம்பிய செல்கள் கல்லீரலில் போய் உட்கார்ந்து வளர்ந்திருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை குடல் புற்றுநோய்ச் செல்களாகவே தெரியும். அதனால்தான் குடல் புற்றுநோய்க்கான மருந்தையே கொடுக்கிறார்கள். "கல்லீரல் கேன்சருக்கு இந்த மருந்து கொடுத்தாங்களாம், நமக்கு ஏன் கொடுக்கல?" என்று பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். அது வேறு நோய்.

"உடம்பு முழுக்க ரத்தம் ஓடுது. அப்புறம் ஏன் ஒரு இடத்துல மட்டும் வருது?"

இந்தக் கேள்வி டாக்டர்களையும் நூறு வருடத்துக்கு மேலாகக் குடைந்த கேள்வி. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-ல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: விதை எங்கும் போய் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். சில உறுப்புகள் அந்தச் செல்களுக்கு இடம் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. இதோடு ரத்தம் போகும் பாதையும் சேர்ந்துகொள்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடல் புற்றுநோய் முதலில் கல்லீரலில் தென்படுவது அதனால்தான்.

1995-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஹெல்மன், ரால்ஃப் வைஷல்பாம் இருவரும் இன்னொரு படி போனார்கள். ஓரிடத்து நோய், உடம்பெங்கும் பரவிய நோய் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு, அதில் நோய்க்குப் பரவும் வலு இன்னும் முழுதாக வரவில்லை என்றார்கள். அதற்கு ஆலிகோமெட்டாஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இருந்தால், சில இடங்களில் மட்டும் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் இந்தக் கணக்கா? எங்க அத்தைக்கு மூணு இருக்கே."

மூன்று இருந்தாலும் இந்தக் கணக்கில் வரலாம். பல ஆய்வுகள் மூன்று வரை, ஐந்து வரை என்று எல்லை வைத்துக்கொண்டு நடந்தன. அந்த எண் ஒரு வசதிக்குத்தான். எல்லாக் கட்டிகளுக்கும் ஆபத்தில்லாமல் சிகிச்சை கொடுக்க முடியுமா என்பதைத்தான் டாக்டர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். கல்லீரலின் ஓரத்தில் நான்கு கட்டிகள் இருந்தால் எடுத்துவிடலாம். பெரிய ரத்தக் குழாய்களை எல்லாம் சுற்றிக்கொண்டு ஒன்றே ஒன்று இருந்தால் எடுக்க முடியாமல் போகலாம்.

"ஸ்கேன்ல ஒரு புள்ளி தெரிஞ்சா பரவிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். நிறைய இடங்களில் பரவியிருந்தால் ஸ்கேனைப் பார்த்தே ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு புள்ளி என்றால்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். கல்லீரலில் ரத்தக் குழாய் முடிச்சு, நீர்க்கட்டி இருக்கலாம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் தீங்கில்லாத கட்டிகள் சாதாரணமாகவே வரும். எலும்பில் பழைய முறிவு ஆறிய இடம்கூடப் புள்ளியாகத் தெரியும்.

நம் ஊரில் இதோடு காசநோயும் சேர்கிறது. உலகத்தின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ முதுகெலும்பிலோ உள்ள காசநோய், பெட் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே பளிச்சென்று தெரியும். புற்றுநோய் வந்தவருக்குக் காசநோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. கீமோ எடுத்தவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் கென்டக்கியில் பேட்செல் என்ற டாக்டர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே புற்றுநோய் இருந்து, மூளையில் ஒற்றைக் கட்டி தெரிந்த 54 பேர். எல்லாருக்கும் அது பரவல்தான் என்றே ஸ்கேனை வைத்து நினைத்திருந்தார்கள். சதையை எடுத்துப் பார்த்தபோது 6 பேருக்கு அது பரவலே இல்லை. அந்தக் காலத்து ஸ்கேன்களைவிட இன்றைக்கு உள்ளவை நல்லவை, சரி. ஆனாலும் தேவைப்படும் இடத்தில் இப்படிச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியின் அருமை அப்படியேதான் இருக்கிறது.

"ஊசி போட்டுச் சதை எடுத்தா நோய் பரவிடும்னு ஊர்ல சொல்றாங்க. எடுக்கணுமா?"

ஊசி போன பாதையில் செல்கள் சிந்துவது அரிதாக நடக்கக்கூடியது. அந்த அச்சத்தில் பயாப்சியே வேண்டாம் என்று சொல்லி, இல்லாத பரவலுக்குக் கீமோ எடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பயாப்சியில் இன்னொரு பயனும் உண்டு. மார்பகப் புற்றுநோயில், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 என்ற சோதனைகளின் முடிவு, முதல் கட்டியில் இருந்ததிலிருந்து பரவிய கட்டியில் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் மருந்தும் மாறும்.

எல்லா இடத்திலும் பயாப்சி கட்டாயம் என்றும் இல்லை. குடல் புற்றுநோய் உள்ளவருக்குக் கல்லீரல் கட்டி ஸ்கேனில் அச்சு அசலாகப் பரவல் போலவே தெரிந்து, குடல் புற்றுநோயில் கூடும் சிஇஏ என்ற பொருளின் அளவும் ரத்தத்தில் ஏறியிருந்து, எப்படியும் ஆபரேஷனில் எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், ஊசி போடாமல் நேரே எடுப்பது வழக்கம். சிந்தும் என்ற கவலைக்கு உண்மையில் இடம் இருப்பது இங்கேதான். அட்ரினல் கட்டி என்றால் ஊசி போடுவதற்கு முன்பே, அது ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று ரத்தம் அல்லது சிறுநீர்ச் சோதனையில் உறுதி செய்ய வேண்டும். இதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"பெட் ஸ்கேன்ல உடம்பு முழுக்கப் பாத்தாச்சு. இன்னும் எதுக்கு எம்ஆர்ஐ? பணம் பிடுங்கவா?"

கோபம் புரிகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இங்கே காரணம் இருக்கிறது. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். சர்க்கரையை வேகமாகத் தின்னும் இடங்கள் படத்தில் ஒளிரும். மூளை எப்போதுமே சர்க்கரையை நிறையத் தின்னும் உறுப்பு. முழு மூளையும் ஒளிரும்போது அதற்குள் ஒரு சின்னக் கட்டி தெரியாமல் போகலாம். அதனால் மூளைக்கு எம்ஆர்ஐதான். கல்லீரலில் சிறிய கட்டிகளை எண்ணவும் எம்ஆர்ஐ நல்லது.

சில புற்றுநோய்களுக்குச் சர்க்கரை மேல் அவ்வளவு ஆசை இருக்காது. ப்ராஸ்டேட், சிறுநீரகம், சளி சுரக்கும் வகைக் குடல் கட்டிகள் எல்லாம் சாதாரண பெட் ஸ்கேனில் மங்கலாகவே தெரியலாம். ப்ராஸ்டேட்டுக்குப் பிஎஸ்எம்ஏ பெட் என்று தனி ஸ்கேன் வந்துவிட்டது. ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பி பெரிய ஆபரேஷனுக்குப் போகும் முன்பு, உண்மையிலேயே ஒரே இடம்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. வயிற்றைத் திறந்த பிறகு இன்னும் பத்து இருப்பது தெரிந்தால் நோயாளி பட்ட பாடு அத்தனையும் வீண்.

"அப்பாவுக்குச் சுகர் இருக்கு. பெட் ஸ்கேன் எடுக்கலாமா?"

எடுக்கலாம். பொதுவாக ரத்தச் சர்க்கரை 200-க்குள் இருக்கும்படி பார்ப்பார்கள், அதைத் தாண்டினால் படம் தெளிவாக வராது. மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிர வைக்கும் என்பதால் முன்கூட்டி நிறுத்தச் சொல்லலாம். இன்சுலின் எப்போது போடுவது, எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை ஸ்கேன் மையத்தில் முந்தின நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலையில் காபியில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

"மார்பகப் புற்றுநோய் சரியாகி எட்டு வருஷமாச்சு. இப்ப நுரையீரல்ல ஒண்ணு. இத்தனை வருஷம் கழிச்சு வந்தது ரொம்ப மோசமா?"

முதலில், அது பரவல்தானா என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையானது. நுரையீரலில் புதிதாகவே ஒரு புற்றுநோய் தொடங்கியிருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. எனவே பயாப்சி.

பரவல்தான் என்று உறுதியானால், தாமதமாக வந்தது பொதுவாக நல்ல அறிகுறி. எட்டு வருடம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே இடத்தில் தலைகாட்டும் நோய், மெதுவாக நகரும் நோய். முதல் நோயோடு கூடவே தெரிந்த பரவலைவிட, நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் ஒற்றைப் பரவலுக்குத்தான் அகற்றும் சிகிச்சையில் பலன் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோய் பத்து வருடம் கழித்துக்கூட ஒற்றைக் கட்டியாகத் திரும்பி வருவதுண்டு.

"ஆபரேஷன், கரண்ட் வைக்கிறது, ஊசி வெச்சுச் சுடுறது, மூணும் சொல்றாங்க. எது நல்லது?"

கட்டி எந்த உறுப்பில், எவ்வளவு பெரிதாக, எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கல்லீரலில், எடுக்க முடிகிற குடல் புற்றுநோய்ப் பரவலுக்கு ஆபரேஷன்தான் பல காலமாக முதல் வழி. மூன்று சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளுக்கு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி மைக்ரோவேவ் சூட்டில் அழிக்கும் முறை உண்டு. தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் அது ஆபரேஷனுக்குக் குறைந்ததில்லை என்று நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய கொலிஷன் ஆய்வு காட்டியது. பெரிய ரத்தக் குழாய்க்கு ஒட்டினாற்போல் கட்டி இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடும், அழிவது முழுமையாக இருக்காது.

நுரையீரலில் ஓரமாக இருந்தால் கேமரா வைத்துச் சின்னத் துளை வழியாக எடுக்கலாம், அல்லது துல்லியக் கதிர்வீச்சு. அட்ரினலுக்கும் இந்த இரண்டு வழியும் உண்டு. எலும்புக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு. ஆனால் தொடை எலும்பு முறியும் நிலைக்கு அரிக்கப்பட்டிருந்தால் முதலில் எலும்பு டாக்டர் உள்ளே கம்பி வைத்துப் பலப்படுத்துவார். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி தொடங்கும் முன்பு பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

"கல்லீரல்ல பாதிக்கு மேல எடுக்கணுமாம். அப்புறம் மனுஷன் எப்படிப் பிழைப்பார்?"

கல்லீரல் திரும்ப வளரும் உறுப்பு. ஆரோக்கியமான கல்லீரலில் நான்கில் ஒரு பங்கு நல்ல ரத்த ஓட்டத்தோடு மிஞ்சினாலே பொதுவாகச் சமாளிக்கும், சில வாரங்களில் பெருக்கவும் தொடங்கிவிடும். நிறையக் கீமோ எடுத்த கல்லீரல், கொழுப்புப் படிந்த கல்லீரல், குடியால் கெட்ட கல்லீரல் என்றால் இன்னும் அதிகம் மிச்சம் வைக்க வேண்டும். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

மிச்சம் போதாது என்று தெரிந்தால், எடுக்கப் போகும் பக்கத்துக்குப் போகும் ரத்தக் குழாயை முன்கூட்டியே அடைத்து, மறு பக்கத்தைச் சில வாரம் வளரவிட்டு, பிறகு ஆபரேஷன் செய்வார்கள். "தேதி கொடுத்துட்டுத் தள்ளிப் போடறாங்க" என்று பதறுகிறவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான்.

"அஞ்சே நாள்ல கரண்ட் முடிஞ்சிடுமாமே. மாமாவுக்கு அப்போ அஞ்சு வாரம் வெச்சாங்களே?"

இரண்டும் கதிர்வீச்சுதான், அளவும் முறையும் வேறு. மேலே சொன்ன துல்லியக் கதிர்வீச்சு, அதாவது ஸ்டீரியோடாக்டிக் என்று சொல்லும் இந்த முறையில், ஒவ்வொரு முறையும் மிக அதிக அளவைக் கட்டியின் மேல் மட்டும் பல திசைகளிலிருந்து குவிக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து தடவைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அளவு அதிகம் என்பதால் சில மில்லிமீட்டர் விலகினாலும் பக்கத்து உறுப்பு பாதிக்கப்படும். அதனால்தான் திட்டமிடும் நாளில் உடம்பின் வடிவத்துக்கு ஏற்ற மெத்தை அச்சு எடுக்கிறார்கள், மூச்சு விடும்போது கட்டி எவ்வளவு மேலும் கீழும் நகர்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் எடுக்கிறார்கள். சிலருக்கு மூச்சைப் பிடித்து நிறுத்தப் பயிற்சியும் உண்டு. வீட்டில் இருபது வினாடி பிடித்துப் பழகிக்கொண்டு வந்தால் அந்த நாள் சுலபமாக இருக்கும்.

வலியில்லாமல், மயக்க மருந்தில்லாமல் முடிகிறது. ஆனால் பக்கவிளைவே இல்லாத சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். களைப்பு, நுரையீரல் அழற்சி, விலா எலும்பு முறிவு, கட்டி குடலுக்குப் பக்கத்தில் இருந்தால் புண் எல்லாம் வரலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தும் உண்டு.

"மூளையில ஒண்ணே ஒண்ணு. மூளைக்குப் போயிட்டா அவ்வளவுதான்னு சொல்றாங்களே?"

அப்படி ஒரே பேச்சில் முடித்துவிட முடியாது. மேலே சொன்ன அதே பேட்செல் ஆய்வில், உண்மையிலேயே பரவல் இருந்தவர்களில், கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 40 வாரமோ அதற்கு மேலோ வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அந்தக் கணக்கு 15 வாரம். இது 1990-ன் கதை. இன்று மருந்துகளும் கதிர்வீச்சும் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. குறிப்பாக சில வகை நுரையீரல் புற்றுநோய்களில் மாத்திரையே மூளைவரை போய் வேலை செய்கிறது.

பெரிய கட்டி, வீக்கத்தால் அழுத்தம் என்றால் ஆபரேஷன். சிறியதாக இருந்தால் காமா நைஃப் போன்ற கருவியில் ஒரே நாளில் கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு. முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுத்தால் ஞாபகசக்தி குறைவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்ததால், ஒன்றிரண்டு கட்டிகளுக்கு இப்போது அதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். உங்களுக்கு முழு மூளைக்கும் என்று சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

"முதுகெலும்புல ஒரு இடத்துல இருக்கு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் பத்து நாள் கழிச்சு. காத்திருக்கலாமா?"

முதுகுவலி படுத்தால் கூடுகிறது, கால் வலுவிழக்கிறது, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியவில்லை, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமல் போகிறது. இதில் ஏதாவது ஒன்று தொடங்கினாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். நடக்கிற நிலையில் வந்து சிகிச்சை தொடங்கியவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்த பிறகு வந்தால் திரும்ப நடப்பது மிகக் கடினம். இவை எதுவும் இல்லை என்றால் காத்திருக்கலாம்.

"எடுக்க முடியும்னு சொல்லிட்டு, உடனே எடுக்காம ஆறு கீமோ போடச் சொல்றாங்க. அதுக்குள்ள பரவிடாதா?"

பல நேரம் அந்தக் காத்திருப்பே ஒரு சோதனைதான். கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறு எங்காவது இருந்தால் கீமோ அவற்றைத் தாக்கும். மருந்து வேலை செய்கிறதா என்றும் தெரியும். மூன்று மாதத்தில் புதிதாக ஐந்து இடங்களில் முளைத்தால், அந்தக் கட்டியை முதலிலேயே வெட்டியிருந்தாலும் அவை முளைத்திருக்கும். பயனில்லாத ஆபரேஷனிலிருந்து தப்பியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, குடல் புற்றுநோயில் கல்லீரல் கட்டி சிறியதாக, தெளிவாக எடுக்கக்கூடியதாக இருந்தால் நேரே ஆபரேஷன் செய்வதும் உண்டு.

கீமோவில் கட்டி ஸ்கேனில் மறைந்தே போனால் வீட்டில் கொண்டாட்டம் வரும். அறுவை டாக்டர் முகத்தில் மட்டும் கவலை இருக்கும். மறைந்த இடத்தில் செல்கள் மிச்சம் இருப்பது சாதாரணம், ஆனால் எங்கே வெட்டுவது என்று இப்போது தெரியாது. கீமோ நீண்டால் கல்லீரலும் கெடும். அதனால்தான் கல்லீரல் பரவலில் அறுவை டாக்டரை முதல் நாளிலிருந்தே கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

"ஒரு டாக்டர் எடுக்கணும்ங்கிறார். இன்னொருத்தர் மருந்தே போதும்ங்கிறார். யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்களா?"

இரண்டு பேரும் நேர்மையாகவே பேசிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் ஆய்வுகளே இரண்டு பக்கமும் இருக்கின்றன. சேபர்-காமெட் என்ற ஆய்வில் ஐந்து வரை பரவல் உள்ள 99 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 18 சதவீதம் பேரும், எல்லாக் கட்டிகளுக்கும் துல்லியக் கதிர்வீச்சு சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம் பேரும் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அதே ஆய்வில் கதிர்வீச்சு பெற்ற 66 பேரில் 3 பேர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். மெதுவாக வளரும் ப்ராஸ்டேட் புற்றுநோயாளிகள் கதிர்வீச்சுப் பக்கம் கூடுதலாக இருந்ததும் உண்மை. நுரையீரல் புற்றுநோயில் மூன்று வரை பரவல் உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சின்ன ஆய்வும் சாதகமாகவே வந்தது. சராசரி ஆயுள் 17 மாதத்திலிருந்து 41 மாதமானது.

மார்பகப் புற்றுநோயில் என்ஆர்ஜி-பிஆர்002 என்ற ஆய்வு 125 பேரிடம் பார்த்தது. நல்ல மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டிகளைக் கதிர்வீச்சால் அழித்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே "யாருக்கோ எடுத்தாங்க, நமக்கும் எடுக்கணும்" என்ற வாதம் நிற்காது. எந்தப் புற்றுநோய் என்பதுதான் முதல் கேள்வி. விதைப்பையில் வரும் புற்றுநோய், நெறிக்கட்டிப் புற்றுநோயான லிம்ஃபோமா இவையெல்லாம் பரவியிருந்தாலும் மருந்திலேயே குணமாகக்கூடியவை. அவற்றுக்கு இந்தப் பக்கத்தின் கணக்கே பொருந்தாது.

நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் ஃபைலை ட்யூமர் போர்டில் வைத்தார்களா என்று கேட்பது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு, ஸ்கேன் டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் சிடியும், பயாப்சி சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும், மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண்ணாடித் துண்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

"மாத்திரை ரெண்டு வருஷமா நல்லா வேலை செஞ்சுது. இப்ப ஒரு கட்டி மட்டும் வளருது. மருந்தை மாத்தணுமா?"

உடனே மாற்ற வேண்டும் என்றில்லை. மற்ற எல்லா இடத்தையும் மருந்து அடக்கி வைத்திருக்க, ஒரு கட்டி மட்டும் மருந்துக்கு அடங்காத செல்களாக மாறியிருக்கலாம். அதை மட்டும் கதிர்வீச்சாலோ ஆபரேஷனாலோ அழித்துவிட்டு, அதே மாத்திரையைத் தொடர்வதை இப்போது பல டாக்டர்கள் யோசிக்கிறார்கள். வேலை செய்கிற மருந்தைக் கடைசிவரை பயன்படுத்திக்கொள்ளும் வழி இது. அந்தக் கட்டியைத் திரும்பப் பயாப்சி எடுத்துப் பார்ப்பதும் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.

"நேரா சொல்லுங்க, முழுசா குணமாகுமா?"

சிலருக்கு ஆகிறது. பாஸ்டனில் 1930-களில், பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகப் புற்றுநோயையும் நுரையீரலில் இருந்த அதன் ஒற்றைப் பரவலையும் ஆபரேஷனில் எடுத்தார்கள். அவர் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, இதய நோயால் இறந்தார். குடல் புற்றுநோய்க் கல்லீரல் பரவலை முழுதாக எடுத்தவர்களில் சுமார் ஆறில் ஒருவர் பத்து வருடம் தாண்டி, குணமானவர் என்று சொல்லும் நிலைக்கு வருகிறார். நுரையீரல் பரவலை எடுத்த 5,206 பேரின் விவரங்களைத் திரட்டி 1997-ல் வெளியான பதிவேட்டில், முழுதாக எடுக்க முடிந்தவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வருடம் இருந்தார்கள். ஆபரேஷனுக்கு ஏற்றவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மீதிப் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. வந்தாலும் சிலருக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் எடுக்க முடிகிறது. நடுவில் கீமோ இல்லாத மாதங்கள் கிடைக்கின்றன. மகள் கல்யாணத்தை அந்த மாதங்களில் நடத்தியவர்களை எனக்குத் தெரியும், அதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

"அப்பாகிட்ட எதுவும் சொல்லல. கல்லீரல்ல புண்ணுன்னு சொல்லித்தான் ஆபரேஷன் பண்ணப் போறோம். நீங்களும் சொல்லிடாதீங்க."

அன்பினால்தான் மறைக்கிறீர்கள், தெரியும். ஆனால் இந்தச் சிகிச்சையில் கல்லீரலின் பாதியை எடுக்கச் சம்மதிக்க வேண்டியவர் அவர். எடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டர்களே யோசிக்கும் இடத்தில், எதை எதிர்கொள்ளத் தயார் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். எண்பது வயதுப் பாட்டி ஒருவர், விஷயம் தெரிந்த பிறகு, "எனக்கு வலி இல்லாம இருந்தா போதும், வெட்ட வேண்டாம்" என்றார். அதுவும் சரியான முடிவுதான், அவருக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொண்டோம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பெரும்பாலான அப்பாக்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கிறது.

"நுரையீரலுக்குக் கதிர்வீச்சு முடிஞ்சு நாலு மாசம். புது ஸ்கேன்ல அந்த இடம் முன்னைவிடப் பெரிசாத் தெரியுது. தோத்துட்டோமா?"

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். துல்லியக் கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியைச் சுற்றியுள்ள நுரையீரல் வீங்கித் தழும்பாவது வழக்கம். முதல் மாதங்களில் அது கட்டி வளர்ந்ததுபோலவே தெரியும், பெட் ஸ்கேனிலும் ஒளிரும். மூளையிலும் இதே குழப்பம் வரும். கதிர்வீச்சால் செத்த திசு, சில மாதங்கள் கழித்துக்கூட, திரும்பி வந்த நோயைப் போல எம்ஆர்ஐயில் தெரியலாம்.

இந்தப் படங்களைக் கதிர்வீச்சு கொடுத்த டாக்டரிடமே முதலில் காட்டுங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு அளவு போனது என்ற வரைபடம் அவரிடம் இருக்கும், தழும்பு அந்த வரைபடத்தின் வடிவத்திலேயே இருக்கிறதா என்று பொருத்திப் பார்ப்பார். இரண்டு மூன்று மாதம் விட்டு அடுத்த ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதிலும் வளர்ந்துகொண்டே போனால், ஒற்றைப் புள்ளியைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும்: மருந்தை மாற்றும் முன்பு பயாப்சி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.